ஜெட் லி படங்கள்: எதில இருந்து தொடங்கலாம்?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
வணக்கம். வெள்ளவத்தையில வுஷு எண்ட சீனத் தற்காப்புக் கலை பழகத் தொடங்கியிருக்கிறன். 'லெதல் வெப்பன் 4'இல ஜெட் லியைப் பார்த்தன், மனசில ஒட்டேல்ல. வேற எதைப் பார்க்கலாம்?

தெகிவளை மாஸ்டர்:
தம்பி, ஹொலிவூட்டை விட்டிட்டு முந்தின படங்களுக்குப் போங்கோ. அவர் படத்துக்காக வுஷு பழகினவரில்லை. 1974இல, 11 வயசிலேயே, பீஜிங் குழுவோட போய் வெள்ளை மாளிகையில நிக்சன் முன்னால செய்து காட்டினவர். முதல் படம் 1982இல வந்த 'ஷாவோலின் டெம்பிள்'. கதை சுமார்தான், அவற்ற கால் நிலையைப் பாருங்கோ.

ஆனா கட்டாயம் பார்க்கவேண்டியது 'ஃபிஸ்ட் ஒஃப் லெஜண்ட்', 1994. சண்டை அமைப்பு யுவென் வூ-பிங். ஜப்பான் நடிகர் யசுவாகி குராத்தாவோட மோதேக்க காத்தில தூசி கண்ணை மறைக்கும். உடன ரெண்டு பேரும் கண்ணைத் துணியால கட்டிக்கொண்டு தொடருவினம். எதிராளியை மதிச்சு அடிபடுறதெண்டா அதுதான். என்ர பிள்ளையளுக்கு இந்தக் கட்டத்தைத்தான் போட்டுக் காட்டுறனான்.

பம்பலப்பிட்டி அக்கா:
மாஸ்டர், 2002 'ஹீரோ'வை விட்டிட்டீங்களே! டொனி யென்னோட மழைக்குள்ள நடக்கிற சண்டை, பக்கத்தில கண் தெரியாத கிழவர் வாத்தியம் வாசிப்பார். என்ன அழகு!

தெகிவளை மாஸ்டர்:
உண்மைதான் தங்கச்சி, அதையும் சேருங்கோ. 2004 சுனாமியில ஜெட் லி குடும்பத்தோட மாலைதீவில அகப்பட்டுத் தப்பினவர். பிறகு 2007இல 'வன் ஃபவுண்டேசன்' தொடங்கி அனர்த்த நிவாரணத்தில இறங்கினார். அதே அலையில எங்கட சனம் எவ்வளவு பட்டது! அதால அவரில எனக்குத் தனி மரியாதை.

தம்பி, 'ஃபிஸ்ட்'டை கன்ரோனிஸ் (ஹொங்கொங்கில பேசுற சீன மொழி) ஒலியோடயே பாருங்கோ, ஆங்கில டப்பிங் வேண்டாம்.