பழைய கால்குலேட்டர் அடாப்டர்: கண்டென்சர் மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் அப்பா கணக்குப் போட்ட கால்குலேட்டர் இது. எண்கள் பச்சையாக ஒளிரும் பழைய வகை. பேட்டரியில் அருமையாக ஓடுகிறது. அடாப்டரை மாட்டினால்தான் எண்கள் துடித்து மங்கிவிடுகின்றன. அப்பா இன்னமும் வேறு கால்குலேட்டரைத் தொடுவதில்லை.

அடாப்டரில் 6 வோல்ட் டிசி, 300 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கிறது. சும்மா அளந்தால் மீட்டர் 8.5 காட்டுகிறது. வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லாததால் அது சரிதான். ஆனால் கால்குலேட்டரை இணைத்ததும் 4.5க்கு இறங்கிவிடுகிறது. டிரான்ஸ்பார்மரின் 7 வோல்ட் ஏசி மட்டும் அசையவில்லை. திறந்து பார்த்தால் ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு, அந்த டிசியைச் சீராக்கும் 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கண்டென்சர் ஒன்று. அதன் தலை லேசாக உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கிறது. என் சந்தேகம் அதன்மேல்தான்.

அந்த இடத்தில் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போடலாமா? ஒரு டயோடு போயிருந்தாலும் இப்படி ஆகுமா?

புது அடாப்டர் வாங்கத் தயக்கமாக இருக்கிறது. இதில் கால்குலேட்டரில் செருகும் முனையில் நடுவே மைனஸ், வெளியே பிளஸ். இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர்மாறு. தெரியாமல் மாட்டினால் கால்குலேட்டரே போய்விடும். அப்புறம், சேலத்தில் இந்த மாதிரி பழைய சாமான்களைப் பொறுமையாகப் பார்ப்பவர்கள் இருந்தால் எந்தத் தெரு என்று சொல்லுங்கள்.