காற்றாலைப் பழுது நுணுக்கங்களுக்குப் பொதுப் பதிவேடு வேண்டுமா?

பணகுடிப் பொறியாளர்:
ராதாபுரம், பணகுடி வட்டாரத்தில் காற்றாலைப் பராமரிப்பில் இருப்போர், தாம் சரிசெய்யும் ஒவ்வொரு பழுதையும் பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனி, ஆடியில் காற்று வலுத்திருக்கும்போது எந்திரம் நின்றால் மின் உற்பத்தி இழப்பு பெரிது. அதே பழுதைச் சரிசெய்தவர் பக்கத்துத் தளத்திலேயே இருக்க, விவரம் அறியாத ஒருவர் கோபுரத்தின் மேல் நாள் முழுவதும் தடுமாறுகிறார்.

களக்காட்டு டெக்னீஷியன்:
தம்பி, இது நிறுவனத்துக்கு நல்லது, சொல்லிக்கொடுப்பவருக்கு நல்லதா? 1990-களில் நிறுவப்பட்ட 225 கிலோவாட் எந்திரங்களில், கியர்பாக்ஸ் எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்து, நறநறவென்று உலோகத் துகள் தட்டுப்பட்டால் உள்ளே பற்சக்கரத்தின் பல் தேய்கிறது என்று சொல்லிவிடுவோம். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய ஆட்களை மறுபடியும் அழைப்பது இந்த அனுபவத்துக்காகத்தான். அதையும் எழுதிக் கொடுத்தபின் குறைந்த சம்பளத்தில் புது ஆள் வைத்துக்கொள்வார்கள். என்னோடு வேலை பார்த்தவருக்கு அப்படித்தான் நடந்தது.

பணகுடிப் பொறியாளர்:
அண்ணாச்சி, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகலெடுக்கும் எந்திரங்களைப் பழுதுபார்ப்போர், கையேட்டில் இல்லாத தீர்வுகளைத் தமக்குள் பேசிப் பகிர்ந்துகொண்டதை ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் பதிவுசெய்திருக்கிறார். பின்னர் அங்கே யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பு உருவானபோது, ஒவ்வொரு குறிப்போடும் எழுதியவர் பெயரும் இடம்பெற்றது. இங்கும் அப்படிச் செய்தால் உழைப்பு யாருடையது என்பது மறையாது.

பேட்டை பயிற்றுநர்:
பதிவேடு மட்டும் போதாது என்பேன். பத்தமடையில் பாய்க்கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கீறுவது என்பதை, பக்கத்தில் அமர்ந்து பார்த்துத்தான் பழக முடியும். எண்ணெயை விரலால் அறிவதும் அவ்வாறே. அனுபவசாலியோடு புதியவரை மேலே அனுப்புங்கள். கற்பிக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடுங்கள்.

களக்காட்டு டெக்னீஷியன்:
பயிற்றுநர் அம்மா சொல்வது எனக்கு ஏற்புடையது. பெயர் போடுவது மரியாதைதான், தம்பி. ஆனால் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்தப் பெயரைக் காட்டி நான் சம்பளம் கேட்க முடியாது. ஒப்பந்ததாரர் மாறினாலும் வேலை தொடரும் என்று எழுத்தில் உறுதி தரட்டும். காற்று தணிந்த ஐப்பசி, கார்த்திகையில் அமர்ந்து எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தருகிறேன். அதுவரை என்னோடு மேலே ஏறும் பையனுக்கு எதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுப்பேன். பதிவேட்டில் எழுத மாட்டேன்.