உதவி: கொல்லையில் மூன்று விதக் காட்டு வெங்காயம், எது எது?

மீனா_தோட்டம்
அவசரம். புது வீட்டின் பின்புறம், வேலியோரம் காட்டு வெங்காயம் மாதிரி முளைத்திருக்கிறது. மூன்று விதம். ஒன்றில் ரோஸ் பூ, தலை குனிந்திருக்கிறது. இன்னொன்றும் ரோஸ்தான், அதுவும் கொஞ்சம் குனிந்த மாதிரி. மூன்றாவதில் பூவையே காணோம், தண்டின் உச்சியில் குட்டிக் குட்டிப் பூண்டுப் பற்கள். சனிக்கிழமை புல் வெட்ட ஆள் வருகிறார். எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம்? போன் செயலி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேர் சொல்கிறது.

மொட்டைமாடி முருகேசன்
நரிவெங்காயம்தான். எங்கள் ஊர்ப் பொட்டலில் நிறைய உண்டு. வாயில் வைத்துவிடாதீர்கள், விஷம்.

தாவரப்பித்தன்
எந்த நாடு, எந்த மாதம், இலை தட்டையா உருளையா, கிழங்கின் தோல் எப்படி, மணம் உண்டா? ஒன்றையும் சொல்லாமல் செடிக்குப் பேர் கேட்பது, ஜாதகம் தராமல் பொருத்தம் பார்க்கச் சொல்வது. இங்கே புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை.

ஸ்காபரோ ராணி
அவர் அப்படித்தான், நீங்கள் பயப்படாதேங்கோ தங்கச்சி. முதலில் இலையைக் கசக்கி மணந்து பாருங்கோ. வெங்காயமோ உள்ளியோ மணக்கவில்லை என்றால் தொடக்கூட வேண்டாம். டெத் காமாஸ் என்று ஒரு விஷச் செடி இருக்கு. கிழங்கு அச்சு அசல் வெங்காயம்தான், மணம் மட்டும் இராது. அதன் பூ ஒரே இடத்திலிருந்து குடை மாதிரி விரியாது, தண்டு நெடுக மேலே மேலே அடுக்கி நிற்கும். ஒரு செடியைக் கசக்கின கையை நல்லாய்க் கழுவிப்போட்டு அடுத்ததைத் தொடுங்கோ. முந்தின மணம் விரலிலேயே நிற்கும், ஏமாந்து போவீர்கள்.

மீனா_தோட்டம்
சிகாகோவுக்கு மேற்கே, இல்லினாய். இப்போது ஜூலை. படம் ஏற மாட்டேன் என்கிறது. மணம் வருகிறது.

ஸ்காபரோ ராணி
மூன்றிலுமோ?

மேடிசன் வாசு
இல்லினாய், ஜூலை என்றால் வேலை பாதி குறைந்தது. குனிந்த இரண்டிலும் பூ விரிந்துவிட்டதா, மொட்டாக இருக்கிறதா? இதைக் கவனிக்காமல்தான் பலரும் குழம்புகிறார்கள்.

அல்லியம் செர்னுவம், அதாவது நாடிங் ஆனியன், பூ முழுக்க விரிந்த பிறகும் குனிந்தே இருக்கும். பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே தண்டு கொக்கியாக வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு பூவும் சின்ன மணி வடிவம், மகரந்தத் தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அல்லியம் ஸ்டெல்லாட்டம், ப்ரெய்ரி ஆனியன், மொட்டில் மட்டும்தான் குனியும். விரியும்போது நிமிர்ந்துவிடும், பூவும் நட்சத்திரமாக விரியும். பூப்பதும் பிந்தித்தான், ஆகஸ்டை ஒட்டி. அந்த நேரத்தில் அதன் இலைகள் பெரும்பாலும் வாடத் தொடங்கியிருக்கும், செர்னுவத்தில் பச்சையாகவே நிற்கும். நிறத்தை நம்ப வேண்டாம். இரண்டிலும் வெளிர் ரோஸும் உண்டு, அடர் ரோஸும் உண்டு.

இரண்டுமே இந்த மண்ணின் செடிகள், நாட்டுச் செடி விற்கும் நர்சரிகளில் கிடைப்பவை. முன்பு இருந்தவர் ஆசையாக நட்டிருக்கலாம். அதனால் சனிக்கிழமைக்குள் இவற்றைப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சுற்றிக் குச்சி நட்டு, வெட்டுகிறவரிடம் காட்டிவிடுங்கள். கவலை மூன்றாவதில்தான்.

தாவரப்பித்தன்
மூன்றாவது அல்லியம் வினியாலே, காட்டுப் பூண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த களை. பிடுங்கி எறியுங்கள். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மேடிசன் வாசு
பேச இருக்கிறது அண்ணா. அல்லியம் கனடென்ஸும் பூவுக்குப் பதிலாக உச்சியில் குட்டிக் கிழங்கு வைக்கும். அது இந்த நாட்டுச் செடி. மீனா, இலையைக் குறுக்கே கத்தரித்துப் பாருங்கள். வெங்காயத்தாள் மாதிரி உள்ளே குழலாக இருந்தால் வினியாலே. தட்டையாக, குழல் இல்லாமல் இருந்தால் கனடென்ஸ். ஜூலையில் இலை காய்ந்து போயிருக்கலாம், அப்படியானால் ஒன்றைத் தோண்டிக் கிழங்கைப் பாருங்கள். கனடென்ஸின் வெளித்தோல் நார் நாராக, வலை பின்னியது போல் இருக்கும். வினியாலேயில் அந்த வலை இருக்காது.

மொட்டைமாடி முருகேசன்
சரி, இதெல்லாம் சாம்பாருக்கு ஆகுமா?

ஸ்காபரோ ராணி
மணம் சரியாய் வந்தால் ஆகும். ஆனால் ருசி என்றால் ராம்ப்ஸ் என்கிற காட்டு உள்ளிதான். அகல இலை, வசந்தத்தில் மரநிழலில் வரும், பூக்கிற நேரம் இலை அழிந்துபோம். நான் வருஷா வருஷம் பறிக்கிறனான். சுண்டினால் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம்.

தாவரப்பித்தன்
இப்படிப் பறித்துத்தான் காடு காலியாகிறது. கனடாவின் கியூபெக்கில் 1995 முதல் அது பாதுகாக்கப்பட்ட செடி. விற்கக் கூடாது, சொந்தத் தேவைக்கும் ஆண்டுக்கு 50 கிழங்குதான். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியின் வனங்களில் எந்தச் செடியையும் பறிக்கவே தடை.

ஸ்காபரோ ராணி
நான் இருப்பது ஒன்டாரியோவில். அதுவும் சிநேகிதியின் சொந்தக் காணி. செடிக்கு ஓர் இலைதான் கிள்ளுவன், கிழங்கில் கை வைக்க மாட்டன். யாரென்று தெரியாமல் கள்ளி ஆக்க வேண்டாம்.

தாவரப்பித்தன்
நான் உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

ஸ்காபரோ ராணி
பொதுவாகத்தான் எனக்குக் கீழே வந்து எழுதினீர்களாக்கும்.

மேடிசன் வாசு
அக்கா, அண்ணா, ராம்ப்ஸுக்குத் தனி இழை போடலாமே. இங்கே ஒருவர் சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறார்.

மீனா_தோட்டம்
மூன்றாவதின் இலை தட்டை, குழல் இல்லை. முதலாவது விரிந்தும் குனிந்துதான் இருக்கிறது. இரண்டாவது இன்னும் மொட்டு. குச்சி நட்டாச்சு. எல்லாருக்கும் நன்றி!

மேடிசன் வாசு
அப்படியென்றால் மூன்றாவது அநேகமாக கனடென்ஸ். பிடுங்க வேண்டாம். கிழங்கின் தோலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டாவது நிமிர்கிறதா என்று ஆகஸ்டில் வந்து எழுதுங்கள்.

ஸ்காபரோ ராணி
தங்கச்சி, மூன்றிலும் மணம் வந்ததோ என்று கேட்டேன்.