குச்சிப்பூச்சி தோல் உரிக்கேக்க செத்துப்போகுது, ஆராவது உதவி செய்யுங்கோ

நிலாமுற்றம்:
வணக்கம் எல்லாருக்கும். நான் லண்டன்ல இருக்கிறன். மகளுக்கு 8 வயசு. அவேன்ர வகுப்பில குச்சிப்பூச்சி வளக்கினம், கிறிஸ்மஸ் லீவுக்கு ஆர் வீட்டுக்குக் கொண்டு போறியள் எண்டு ரீச்சர் கேக்க இவ கையைத் தூக்கிட்டா, ஒரு பெட்டியோட ஒம்பது பூச்சி வீட்டுக்கு வந்திட்டுது. முதல் மூண்டு நாளும் ஒரு பிரச்சினையும் இல்லை. நாலாம் நாள் காலமை பாத்தா ஒண்டு கீழ விழுந்து கிடக்குது, பழைய தோல் பாதி கழண்டு பாதி கழராம, பின்னங்கால் ரெண்டும் அதுக்குள்ளயே மாட்டுப்பட்டு, பின்னேரம் செத்துப்போச்சு. நேற்று இன்னொண்டு அதே மாதிரி. இண்டைக்கு ஒண்டு அசையாமலே கிடக்குது, அதுவும் போட்டுது எண்டுதான் நினைக்கிறன். பிள்ளை என்ர பிழையாலதான் சாகுது எண்டு சாப்பிடாம அழுறாள். மிச்சத்தையாவது காப்பாத்த வேணும். ஆருக்காவது இதைப் பற்றித் தெரியுமோ?

ரெண்டாம்மாடி:
அக்கா இது கும்புடுபூச்சி தானே? அதுக்கு சின்னச் சின்ன ஈ, கொசு ஏதாவது போட்டுப் பாருங்க, பசியில கூட இருக்கலாம்.

முள்ளுச்செடி:
தம்பி அது வேற இது வேற. கும்புடுபூச்சி முன்கால மடிச்சு வச்சு மத்த பூச்சிய புடிச்சு தின்னும். குச்சிப்பூச்சி சுத்த சைவம், இலை மட்டும்தான்.

நிலாமுற்றம் சிஸ்டர், முதல்ல அந்த அசையாமக் கிடக்கறத தூக்கிப் போட்டுடாதீங்க!! இதுங்க பயந்தா முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு முன்னாடி நேரா நீட்டிட்டு நெஜக் குச்சி மாதிரியே மணிக்கணக்கா கெடக்கும், கையில எடுத்தாக்கூட அசையாது. இலை மேல வச்சிட்டு லைட்ட அணைச்சிட்டு ராத்திரி பாருங்க. அப்புறம் இதெல்லாம் சொல்லுங்க: பெட்டி எவ்ளோ உயரம், வீட்ல எங்க வச்சிருக்கீங்க, என்ன தீனி, தண்ணி தெளிக்கிறீங்களா.

நிலாமுற்றம்:
பெட்டி பிளாஸ்டிக், ஒரு 15 சென்ரிமீற்றர் உயரம் இருக்கும், மூடியில சின்ன ஓட்டையள். பூச்சி ஒவ்வொண்டும் 5 சென்ரிமீற்றர் வரும். குளிருமெண்டு ஹீற்றருக்குப் பக்கத்தில யன்னல் படியில வைச்சனான். லெற்றூஸ் குடுக்கிறன், பள்ளிக்கூடத்தில அதுதான் குடுத்தவையாம். தண்ணி ஒரு சின்னக் கிண்ணத்தில வைச்சிருக்கு, தெளிக்கேல்ல, தெளிக்கோணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

முள்ளுச்செடி:
சரி, புரிஞ்சுடுச்சு. உங்க பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல, முதல்ல அத அவகிட்ட சொல்லுங்க. நான் கோவென்ட்ரில பத்து வருஷமா இதுங்கள வளக்கிறேன், எனக்கும் முதல் குளிர்காலத்துல இதே தான் நடந்துச்சு, ஒரே வாரத்துல ஆறு போச்சு.

பூச்சி சட்டை உரிக்கிறது எப்படின்னா, ராத்திரில ஒரு குச்சியிலயோ வலையிலயோ தலைகீழா தொங்கும், முதுகுப் பக்கம் தோல் வெடிக்கும், அப்புறம் தன்னோட எடையிலயே மெதுவா கீழ வழுக்கி வெளிய வரும், கடைசியில கால உருவும். இதுக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு எடம். 5 சென்டிமீட்டர் பூச்சி தொங்கினா பழைய தோலுக்கு ஒரு 5, புதுசா வர்ற உடம்புக்கு அதவிட நீளம், அதனால உடம்போட மூணு மடங்கு உயரமாவது காலியா இருக்கணும். உங்க பெட்டியில இலையும் கெடக்கும்போது அது பத்தவே பத்தாது, தலை தரையில முட்டி வளைஞ்சிடும். ரெண்டாவது ஈரம். காத்து காய்ஞ்சு கெடந்தா தோல் விறைச்சு கால்ல ஒட்டிக்கும். ஹீட்டர் பக்கத்துல வச்சது தான் இதுல பெரிய காரணம்னு நினைக்கிறேன், நல்ல மனசோட தான் வச்சிருக்கீங்க, ஆனா சாதாரண ரூம் சூடே இதுக்கு போதும், 20 டிகிரி இருந்தா நல்லாவே இருக்கும்.

இன்னைக்கே துணி போடற வலைக்கூடை, இல்ல பட்டாம்பூச்சி வளக்கற வலைக்கூண்டு, 40 சென்டிமீட்டர் உயரத்துல ஏதாவது வாங்கி அதுக்கு மாத்துங்க, ஹீட்டர விட்டுத் தள்ளி வைங்க. தினம் சாயங்காலம் இலை மேலயும் வலை மேலயும் லேசா ஸ்ப்ரே அடிங்க, அந்தத் துளியத்தான் இதுங்க குடிக்கும். கிண்ணத்த எடுத்துடுங்க, குஞ்சுங்க அதுல விழுந்து செத்துடும். ஆனா சொதசொதன்னு அடிக்காதீங்க, காலையில காய்ஞ்சிருக்கணும், காத்துப் போகாத பெட்டியில ஈரம் நின்னா பூஞ்சை புடிச்சிடும்.

லெட்டூஸ் வேணாம். வெறும் தண்ணி தான் அது, கடையில வாங்கறதுல மருந்து அடிச்சிருந்தாலும் நமக்குத் தெரியாது. பிளாக்பெரி முள்ளுச்செடி உங்க ஊர்ல பார்க், கால்வாய் ஓரம் எல்லா எடத்துலயும் இருக்கும், குளிர்லயும் கொஞ்சம் பச்சை இலை நிக்கும். ரோட்டோரம் வேணாம். நல்லா கழுவி, கருகின ஓரத்த கத்தரிச்சு விட்டுட்டு, வாய் குறுகலான பாட்டில்ல தண்ணி ஊத்தி காம்ப சொருகி, சுத்தி பஞ்சு வச்சு அடைச்சிடுங்க. முள்ளுச்செடி கெடைக்கலன்னா ஐவி, பிரிவெட் வேலி எல இதெல்லாம் கூட தின்னும். கடையில விக்கற ரோஜாச் செடிய மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க, மருந்து.

நிலாமுற்றம்:
நீங்கள் சொன்னது சரி, அது உயிரோட இருக்குது!! இரவு 11 மணிக்கு ரோச் அடிச்சுப் பாத்தா மூடியில நடந்து திரியுது. மகளை எழுப்பிக் காட்டினனான். ஆனா இப்ப இன்னொண்டு தொங்கிக்கொண்டிருக்கு, உடம்பு முழுக்க வெளிய வந்திட்டுது, ஒரு பின்னங்கால் மட்டும் தோலுக்குள்ள மாட்டிக்கொண்டு அரை மணித்தியாலமா இழுக்குது. நான் பிடிச்சு இழுக்கட்டோ?

முள்ளுச்செடி:
இழுக்காதீங்க இழுக்காதீங்க. பூப்போல மெத்துனு இருக்கும் இப்போ உடம்பு, தொட்டாலே வளைஞ்சிடும். படம் வரையற பிரஷ் இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு அந்த ஒட்டின எடத்துல மட்டும் தொட்டுத் தொட்டு வைங்க, பூச்சி மேல வழிய விடாதீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம். தானா வந்தா வரட்டும். கால் போனாலும் பரவால்ல, அதுவே கழட்டி விட்டுடும், இன்னும் தோல் உரிக்கற வயசு தானே, அடுத்தடுத்த தடவ புதுசா முளைக்கும். முழுசா வளந்த அப்புறம் போனா தான் முளைக்காது.

கொடைப்பனி:
இப்பதான் இந்த இழையப் பாத்தேன், தூக்கமே போச்சு. அக்கா, உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பூச்சி எங்க ஊருங்க. ஸ்கூல்ல வளக்கற இந்த வகை, கரௌசியஸ் மொரோசஸ், இதுக்கு சொந்த ஊர் கொடைக்கானல் பக்கத்துல செண்பகனூர். அப்ப மதுரை ஜில்லா. அங்க புடிச்ச பூச்சிய வச்சுத்தான் 1901-ல சினெத்திங்கறவர் பேர் வச்சாரு, அப்புறம் ஐரோப்பா பூரா ஆராய்ச்சிக்கூடம், பள்ளிக்கூடம்னு பரவிருச்சு. ஆம்பளையே தேவையில்ல, பொம்பளப் பூச்சி தனியாவே முட்டை போட்டு அது பொரிச்சிரும், அதனாலதான் அவ்ளோ தூரம் போய் பெருகுச்சு.

நான் ஏன் சொல்றேன்னா, எங்க ஊர்ல மதியத்துக்கு மேல மஞ்சு இறங்கி இலையெல்லாம் சொட்டும், மே மாசத்துலயே ஸ்வெட்டர் போடுவோம். அந்த ஈரத்துல வாழ்ந்த உசுரு அது. முள்ளுச்செடி அண்ணன் ஸ்ப்ரே அடிக்கச் சொல்றதுக்கு அதுதான் காரணம்னு நினைச்சுக்கங்க, மஞ்சுக்குப் பதிலா நீங்க தண்ணி தெளிக்கிறீங்க.

நிலாமுற்றம்:
தம்பி இதை வாசிச்சிட்டு எனக்கு என்ன சொல்லுறது எண்டே தெரியேல்ல. மகளிட்ட சொன்னனான், உடன மேப் எடுத்து கொடைக்கானலைத் தேடினவ. ரீச்சருக்கு இந்தியப் பூச்சி எண்டது தெரியும், ஆனா தமிழ் ஆக்களின்ர ஊர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொன்னவ.

மாட்டுப்பட்டது ஒரு மணிக்குப் பிறகு வெளிய வந்திட்டுது, அந்தக் கால் தோலோடயே கழண்டு போச்சு. இப்ப ஐஞ்சு காலோட தொங்குது. கழட்டின தோலை அதுவே தின்னுது, அதை எடுத்து எறியவோ?

முள்ளுச்செடி:
விடுங்க, திங்கட்டும், அது அதுக்கு சத்து. ஒரு நாள் முழுக்க கையில எடுக்காதீங்க.

நிலாமுற்றம் (ரெண்டு கிழமைக்குப் பிறகு):
ஏழும் உயிரோட இருக்குது! வலைக்கூண்டு வாங்கினம், தேம்ஸ் கரையில போய் முள்ளு வெட்டிக்கொண்டு வாறம், கையெல்லாம் கீறல். இடையில நாலு தோல் உரிச்சிட்டுது, ஒண்டும் விழேல்ல. ரீச்சரோட கதைச்சு ஆறைத் திருப்பிக் குடுத்தாச்சு, புதுக்கூண்டோடயே, எப்பிடித் தெளிக்கிறதெண்டு மகள் தமிழிலயும் இங்கிலீசிலயும் எழுதி ஒட்டியிருக்கிறா. ஐஞ்சு காலுக்காரி மட்டும் எங்களோட.

ஒரு கேள்வி. பெரிசாகினா முட்டை போடுமாம், நூற்றுக்கணக்கில எண்டு சொல்லுகினம். அவ்வளவத்தையும் நான் என்ன செய்யிறது? தோட்டத்தில விடலாமோ?

முள்ளுச்செடி:
தோட்டத்துல விடவே கூடாது. இங்க 1981 வனவிலங்குச் சட்டப்படி வெளிநாட்டுப் பிராணிய வெளிய விடறது குற்றம், கலிபோர்னியாலயும் தென்னாப்பிரிக்காவுலயும் இதே பூச்சி தப்பிச்சுப் போய் பெருகிக் கெடக்கு. முட்டை 2 மில்லிமீட்டர் தான், பழுப்பு விதை மாதிரி, ஒரு முனையில வெளிர் மஞ்சளா குமிழ் இருக்கும், பூச்சிக் கழிவோட கலந்து கீழ கெடக்கும். கூண்டு கழுவின குப்பைய அப்படியே தொட்டியில கொட்டாம, பையில கட்டி ஃபிரீசர்ல ரெண்டு மூணு நாள் வச்சிட்டு அப்புறம் போடுங்க. வளக்கறதுக்கு பத்துப் பதினஞ்சு மட்டும் எடுத்து வைங்க, பொரிக்க மாசக்கணக்காகும்.

கொடைப்பனி:
அந்த ஐஞ்சு காலுக்காரிக்கு என்ன ஆச்சு அக்கா, கால் வந்துச்சா?

நிலாமுற்றம்:
நேற்று இரவு உரிச்சவள். கழண்ட இடத்தில சின்னனா, சுருண்டு, நூல் மாதிரி ஒரு கால் வந்திருக்கு. மகள் அடிமட்டம் வைச்சு அளந்தவ, தொடாம, வலைக்கு வெளியால. 6 மில்லிமீற்றர்.