எதிர்மறை வலுவூட்டலை மாணவர்களுக்குப் புரியவைக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். காட்பாடிக்கு அருகில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் உளவியலின் அடிப்படைகளைக் கற்பித்து வருகிறேன். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலாளர் வுண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கியதையும், செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய உடலியலாளர் பாவ்லவ், நாய்களின் உமிழ்நீரைக் கவனித்ததிலிருந்து கற்றலின் ஒரு விதியைக் கண்டறிந்ததையும் அவர்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் கற்றல் கோட்பாட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒரு செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுவது வலுவூட்டல்; அதைக் குறைப்பது தண்டனை. ஆனால் எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றே என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதிவிட்டார்கள். தவறு அவர்களுடையதன்று, அன்றாடத் தமிழில் ‘எதிர்மறை’ என்றாலே தீயது என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்க, இங்கோ அது விரும்பத்தகாத ஒன்று நீங்குவதை மட்டுமே குறிக்கிறது. வேலூரின் கத்திரி வெயிலில் குடை விரித்ததும் வெப்பத்தின் கொடுமை தணிவதால் மறுநாளும் குடையை மறவாமல் எடுத்துச் செல்கிறோம் என்று விளக்கியபோது சிலருக்குத் தெளிவு பிறந்தது. எனினும் ஓர் எடுத்துக்காட்டு போதவில்லை.

குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் இதைக் கற்பித்த ஆசிரியர்கள் யாரேனும் இருந்தால், மாணவர்களின் வாழ்விலிருந்தே எடுத்த இரண்டு மூன்று எடுத்துக்காட்டுகளைத் தர வேண்டுகிறேன். ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பதற்குப் பதிலாக ‘நீக்க வலுவூட்டல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா, அது தேர்வில் குழப்பம் உண்டாக்குமா என்றும் தெரிவியுங்கள். வரும் சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.