பைக் ட்ரெயில்ல (மண் பாதை ரைடு) விழுந்து மணிக்கட்டு வலி, எக்ஸ்ரே நார்மல்

கேள்வி: மண் ஏத்தத்துல முன் வீல் வழுக்கி கையை ஊனி விழுந்துட்டேன் மக்களே, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னாங்க, ஆனா கட்டைவிரல் அடியில இருக்குற குழில அமுக்குனா உயிர் போகுது. ஞாயித்துக்கிழமை ரைடு போலாமா?

பதில்: வேணாம் ப்ரோ! அந்த குழில வலின்னா ஸ்கேஃபாய்டு எலும்பு விரிசலா இருக்கலாம், மணிக்கட்டு சின்ன எலும்புகள்ல அதிகம் உடையறது அதுதான், முதல் எக்ஸ்ரேல பலதடவை தெரியாது. ஆர்த்தோகிட்ட (எலும்பு டாக்டர்) ஸ்பிளிண்ட் (கை அசையாம கட்டுற பட்டை) போட்டு 10-14 நாள்ல திரும்ப எக்ஸ்ரே எடுக்கணும், இல்லன்னா எம்ஆர்ஐ. ரத்த ஓட்டம் கம்மியான எலும்பு, கவனிக்காம விட்டா கூடாமலே போயிடும், பின்னாடி மூட்டு தேயும்.

பதில்: எந்த கை? இடதுன்னா கிளட்ச் பிடிக்கவே முடியாது, வலதுன்னா முன் பிரேக் போச்சு, பாதி வழில மாட்டிக்குவீங்க.

கேட்டவர்: வலதுதான் ப்ரோ. நாளைக்கே ஆர்த்தோவ பாக்குறேன், ரைடு கேன்சல்.