அனிவியே பள்ளத்தாக்கு 'மனிதக் கை படாத இடம்' என்றால் அந்த ரோப்கார் என்ன?

செங்குத்துப்பாறை:
போன வாரம் பயணப்பை இங்கே போட்ட ஆல்ப்ஸ் குறிப்பைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், சியேர் நகருக்குத் தெற்கே ஏறும் அனிவியே பள்ளத்தாக்கை 'மனிதக் கை படாத இடம், விடுமுறைக்குச் சொர்க்கம்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, கிரிமென்ட்ஸ் ஊரிலிருந்து சினால் பனிச்சறுக்கு மலைக்கு ஒரு ரோப்கார் ஏறுகிறதே, கண்ணில் படவில்லையா? 2013-14 பனிக்காலத்தில் திறந்தார்கள். ஒரே பெட்டியில் நூறு பேருக்கு மேல் ஏற்றுகிறார்கள். அது யார் கை பட்டு வந்தது?

பயணப்பை:
நீளமான குறிப்பு எழுதினேன், அதில் ஒரு வரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். கிரிமென்ட்ஸின் பழைய தெருவில் நடந்து பாருங்கள். வெயில் குடித்துக் கருத்துப்போன லார்ச் மர வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்பு ஜெரேனியம். பழைய தானியக் களஞ்சியங்களை மரக்கால்களில் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் அகலமான வட்டக் கல் வைத்திருக்கிறார்கள். எலி காலில் ஏறி வந்தாலும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது. நான் குனிந்து அந்தக் கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், இன்னும் சொரசொரப்பு போகவில்லை. வெர்பியே என்ற பனிச்சறுக்கு ஊர் மாதிரி விடிய விடிய இரைச்சலும் கிடையாது. இதைக் கெடாத இடம் என்று சொல்ல உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

செங்குத்துப்பாறை:
எலிக்குக் கல் வைத்த கதை நன்றாக இருக்கிறது. ரோப்காருக்குப் பதில் எங்கே?

பனிச்சறுக்கி:
ரோப்காரைத் திட்டுகிறவர் அங்கே ஒரு தடவையாவது சறுக்கியிருக்கிறாரா? கிரிமென்ட்ஸ் பக்கம் ஒரு சறுக்குத்தளம், சினால் பக்கம் ஒன்று, நடுவில் மலை. முன்பெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பேருந்தில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். இப்போது கிரிமென்ட்ஸிலிருந்து நேராக மேலே போய்விடலாம். பனி நன்றாக விழுந்த காலையில் சினால் பக்கத்துச் சரிவில் இறங்கிப் பாருங்கள், கண் முன்னால் 4,500 மீட்டருக்கு மேல் வைஸ்ஹார்ன் நிற்கும். அதைப் பார்க்க ரோப்காரில் போனால் பாவமா?

செங்குத்துப்பாறை:
பாவம் என்று நான் சொன்னேனா? கை படாத இடம் என்று சொல்லாதே என்கிறேன். வேண்டுமானால் இன்னும் சொல்கிறேன். கிரிமென்ட்ஸுக்கு மேலே முவாரி அணை, 148 மீட்டர் உயரம், 1958-இல் முடித்தார்கள். பயணப்பை 'இயற்கையின் பச்சை மாணிக்கம்' என்று படம் போட்டிருக்கும் ஏரி அந்த அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர். அதற்கும் முன்னால், 1908-இலேயே, இந்தப் பள்ளத்தாக்கின் நவிஸான்ஸ் ஆற்றை வைத்து மின்சாரம் எடுத்துக் கீழே ஷிப்பியில் அலுமினிய ஆலை ஓட்டினார்கள். ஆனால் அணைகூடப் பரவாயில்லை, தூரத்தில் இருக்கிறது. ரோப்கார் ஊரிலேயே ஆரம்பிக்கிறது.

பயணப்பை:
அணை கட்டியது அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால். அதைப் போய் இழுக்கிறீர்களே.

தயிர்சாதம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த ஊர்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்? போனமுறை வேறொரு ஆல்ப்ஸ் ஊரில் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்றே காலம் தள்ளினோம். நாங்கள் எடுத்த வீட்டில் அடுப்பு வேலை செய்யவில்லை, வீட்டுக்காரரும் போனை எடுக்கவில்லை.

கோப்பாய்ப்பெடியன்:
நான் சியேரில் இருக்கிறன். பனிக்காலத்தில் மேலே ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. தயிர்சாதம், ராக்லெட் சாப்பிடுங்கோ. பாதியாக வெட்டின சீஸ் வட்டத்தைச் சூட்டுக்குக் கிட்டப் பிடிச்சு, மேல்பக்கம் உருகிக் குமிழ் விடேக்க கத்தியால் ஒரே இழுவையில் தட்டில் வழிச்சு விடுவம். உருளைக்கிழங்கும் ஊறவைச்ச குட்டி வெள்ளரியும் கூட வரும். ஓரத்தில் கருகி ஒட்டுற பொறுக்கு இருக்கே, அதுதான் ருசி. வாய்விட்டுக் கேட்டால்தான் தருவினம். சிலர் சீஸுக்குப் பாலைத் திரைய வைக்க கன்றுக்குட்டி வயிற்றில் இருந்து எடுக்கிற ரெனெட் போடுறவை, கண்டிப்பான சைவக்காரர் எண்டால் முதலே விசாரியுங்கோ.

இனி விஷயத்துக்கு வாறன். செங்குத்துப்பாறை அண்ணை, நீங்கள் ரோப்கார் ரோப்கார் எண்டு ஒரே பாட்டுப் பாடுறியள். அனிவியேயின் ஊர்கள் எல்லாம் சேர்ந்தாலும் சனம் மூவாயிரம் வராது. 2009-இல் ஆறு ஊராட்சியை ஒண்டாக்கினதும் சும்மா இல்லை. பனிக்காலத்து வேலை இல்லாவிட்டால் இளம் பிள்ளைகள் எல்லாம் கீழே இறங்கிவிடுவினம். அந்த ரோப்காரில்தான் நாங்கள் சோறு தின்கிறம்.

செங்குத்துப்பாறை:
தம்பி, உங்கள் வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்களே என் பக்கம்தான் பேசுகிறீர்கள். ஆள் வேலை செய்கிற இடம், ஆள் கட்டிய இடம். அந்தக் காலத்து அனிவியே சனம் என்ன செய்தார்கள்? வசந்தம் வந்ததும் குடும்பம், கோவேறு கழுதை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சியேருக்கு இறங்கித் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். குழலும் மத்தளமும் முழங்கக் கொத்துவார்கள். அப்புறம் மாடுகளோடு மேய்ச்சலுக்கு மேலே ஏறுவார்கள். வருஷம் முழுக்க ஏறி இறங்கி உழைத்து உண்டாக்கிய புல்வெளியும் களஞ்சியமும் அவை. அத்தனை தலைமுறை உழைப்பை மூடி மறைத்துவிட்டு 'கை படாத இடம்' என்று எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். பயணப்பை இன்னும் ரோப்காருக்குப் பதில் சொல்லவில்லை.

பயணப்பை:
சொல்லிவிட்டேன். ரோப்கார் ஊரின் அழகைக் கெடுக்கவில்லை. முடிந்தது.

செங்குத்துப்பாறை:
கெடுக்கவில்லை என்பது வேறு, கை படவில்லை என்பது வேறு. நூறு பேர் ஏறும் பெட்டி!

பனிச்சறுக்கி:
இவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. போன பனிக்காலத்தில், இதே வலேயில் இருக்கும் ஸெர்மாட் ஊரில் கார் கிடையாது என்று நான் எழுதினேன். மின்சார டாக்ஸி ஓடுகிறதே, அது கார் இல்லையா என்று இப்படித்தான் பிடித்துக்கொண்டு உயிரை எடுத்தார். பெட்ரோல் கார் உள்ளே வர முடியாது, கீழே டேஷ் ஊரிலேயே நிறுத்திவிட்டு ரயிலில் வர வேண்டும் என்பதை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

செங்குத்துப்பாறை:
ஸெர்மாட்டில் நான்கு சக்கரத்தில் ஓடுவது கார்தான். இன்றைக்கும் அதையே சொல்வேன்.

தயிர்சாதம்:
மது குடிக்கிறவர்களுக்கு அங்கே ஏதோ பனிப்பாறை ஒயின் என்கிறார்களே, கடையில் வாங்கலாமா? மாமனாருக்கு வேண்டுமாம்.

பயணப்பை:
வாங்க முடியாது. கிரிமென்ட்ஸின் பழைய ஊர்மன்ற வீட்டு நிலவறையில் லார்ச் மரப் பீப்பாய்களில் இருக்கிறது. பீப்பாயை ஒருபோதும் முழுதாகக் காலி செய்வதில்லை, குறைந்ததை மட்டும் நிரப்புவார்கள். ஆயரின் பீப்பாய் என்று ஒன்று 1886-இலிருந்து இருக்கிறது. அங்கேயே சின்னக் குவளையில் ருசி பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த ஒயின் ஒன்று போதும், அந்த ஊர் கெடவில்லை என்பதற்கு.

கோப்பாய்ப்பெடியன்:
ஊர் கெட்டதோ கெடவில்லையோ எண்டு கேட்டால், பிரச்சினை ரோப்காரும் இல்லை, ஒயினும் இல்லை. ரெண்டாவது வீடுகள். வெளியில் இருந்து காசுக்காரர் வந்து சாலே எண்டுற மர மலைவீடு வாங்குவினம், கிறிஸ்மஸுக்கும் பெப்ரவரி விடுமுறைக்கும் வந்து நிண்டிட்டுப் போவினம். மற்ற நாளெல்லாம் ஜன்னல் பலகை பூட்டு. குளிர்ந்த கட்டில்கள் எண்டு இங்கத்தையர் சொல்லுவினம். 2012 மார்ச்சில் நாடு முழுக்க வாக்கெடுத்து, ஒரு ஊராட்சியில் இப்படியான வீடு 20 வீதத்துக்கு மேல் போகக் கூடாது எண்டு முடிவெடுத்தினம். வலே அதை எதிர்த்து வாக்களிச்சது. ஏற்கெனவே கட்டினதை ஆரும் இடிக்கவில்லை. நான் வாடகைக்கு வீடு தேடி மேலே கிடைக்காமல்தான் சியேரில் இருந்து பஸ்ஸில் ஏறுறன்.

செங்குத்துப்பாறை:
அந்த வீடுகளை எல்லாம் எதை நம்பி வாங்கினார்கள்? ரோப்காரை.

கோப்பாய்ப்பெடியன்:
அண்ணை, அரைவாசிக்கு மேல் சாலே ரோப்கார் வரமுதலே நிண்டது! வாக்கெடுப்பு 2012, ரோப்கார் அதுக்குப் பிறகு. நீங்களே எழுதின வருஷத்தை நீங்களே பாருங்கோ.

செங்குத்துப்பாறை:
வருவது தெரிந்து முன்கூட்டியே வாங்கியிருப்பார்கள்.

பயணப்பை:
2024 ஜூனில் நவிஸான்ஸ் பெருக்கெடுத்து சாலை அறுந்து, சினால் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததே, அதையும் ரோப்கார்தான் செய்தது என்று சொல்லிவிடுங்கள். கணக்கு முடியட்டும்.

செங்குத்துப்பாறை:
வெள்ளத்தை வைத்து விளையாடாதீர்கள், அங்கே சனம் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அந்த வெள்ளத்தைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இருக்கிறதா? ஆறு சலசலக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவர்கள் குழந்தை குட்டியோடு அந்த ஆற்றங்கரையில் போய்த் தங்குவார்கள்.

தயிர்சாதம்:
அப்போது அதே பள்ளத்தாக்கின் ஷாந்தொலான் ஊரில் வீடு எடுக்கலாமா? 1,900 மீட்டருக்கு மேல் இருக்கிறதாம், ஆறு அவ்வளவு தூரம் ஏறாது. அம்மாவுக்கு மூச்சு வாங்குமா என்றுதான் யோசனை.

பனிச்சறுக்கி:
எடுங்கள். ஷாந்தொலானும் செயின்ட் லூக்கும் சேர்ந்து ஒரே சறுக்குத்தளம், கூட்டமும் குறைவு. போவதற்கு முன் செங்குத்துப்பாறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் லிஃப்ட் இருக்கிறது.

செங்குத்துப்பாறை:
செயின்ட் லூக்கில் ஊரிலிருந்து மேலே போவது தண்டவாள வண்டி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.